ஐப்பசியில் இட்டேரியைச் சுரண்டாதீர்கள்

கொங்கு நாட்டு ஊராட்சிகளில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், ரோட்டோரம் சுத்தம் செய்ய ஆளும் வண்டியும் அனுப்புகிற அதிகாரிகளுக்கும் வணக்கமுங்க.

காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். போன வாரம்தான் மழை பிடித்தது. ஆடி ஆவணியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக நமக்கு வருவது காற்றுதான், மழையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் நின்றுவிடும். வருசத்துக்குக் கிடைக்கிற அறுநூறு எழுநூறு மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட பாதி இந்த ஐப்பசி கார்த்திகையில் பெய்தால்தான் உண்டு. அதனால் நம்ம பக்கம் வருசம் திரும்புவது இப்போதுதான் என்று நான் நினைக்கிறேன். ஆடுமாடு மேய்கிற கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல் தளிர்க்கிறது, மொட்டையாக நின்ற கிளுவை வேலி ஒரே வாரத்தில் இலை விடுகிறது, இரண்டு பக்கமும் வேலி வைத்து நடுவில் போகிற பாதையான இட்டேரியில் நடந்தால் காலடியில் சின்னச் சின்னதாக, வெள்ளையாகப் பூக்கிற பூளைச் செடி முளைத்திருக்கிறது. தை நோம்பிக்கு, அதாவது பொங்கல் பண்டிகைக்கு, வேண்டியதை மண் இப்போதே தயார் பண்ண ஆரம்பித்துவிட்டது.

உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். ஐப்பசி பிறந்ததிலிருந்து தை முடிகிற வரைக்கும் இட்டேரி ஓரங்களையும் புறம்போக்கையும் ஜேசிபி வைத்துச் சுரண்டாதீர்கள், களைக்கொல்லி அடிக்காதீர்கள்.

ஏன் இப்படிக் கெஞ்சுகிறேன் என்றால், போன கார்த்திகைக் கடைசியில் எங்கள் இட்டேரிக்கு ஒரு வண்டி வந்தது. யார் அனுப்பினார்கள் என்று இங்கே பேச வரவில்லை, அவர்களும் நல்லதென்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள். அரை நாள்தான். இரண்டு பக்கமும் செம்மண் தெரிய வழித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டது. மார்கழிக் கடைசி நாள் சாயங்காலம், அதுதான் காப்புக் கட்டுகிற நாள், நானும் அம்மாவைப் பெற்ற அம்மிச்சியும் அரிவாளும் கூடையுமாகப் போனோம். வேப்பிலை கிடைத்தது. ஆவாரை எங்கேயோ வேலிச் சந்தில் தப்பித்த ஒரு செடி. பூளை ஒன்றுகூட இல்லை. அம்மிச்சி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "பூளையில்லாம என்ன காப்பு கண்ணு, வா போலாம்" என்று திரும்பிவிட்டார். எண்பது வயதுக்கு மேல் ஆகிறது, அவர் நினைவில் அப்படி ஒரு வருசம் இருந்ததே இல்லையாம். அப்புறம் நான் வண்டி எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய், ரோட்டில் குவித்து விற்ற கட்டுகளில் இரண்டு வாங்கி வந்து கட்டினோம். வாடிப்போயிருந்தது.

போகி என்றால் பழையதை எரிப்பது என்று வெளியே நினைக்கிறார்கள். நமக்குப் போகி என்றால் காப்புக் கட்டுதான். வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்து வீட்டு இறவாரத்தில், பட்டியில், தோட்டத்து மூலையில், கிணற்றடியில் எல்லாம் சொருகினால்தான் தை பிறக்கும். மறுநாள் பொங்கல். அதற்கு மறுநாள் பட்டிப் பொங்கல், பட்டிக்குள் சின்னதாகத் தெப்பக்குளம் கட்டி, தண்ணீர் விட்டு, ஓரமெல்லாம் ஆவாரம்பூ வைத்து, கன்றுக்குட்டி அந்தக் குளத்தை மிதித்துத் தாண்டும்படி விடுவோம். அதற்கும் அடுத்த நாள் பூப்பறிக்கிற நோம்பி. முறுக்கும் கரும்பும் கட்டிக்கொண்டு பெண்டு பிள்ளைகள் எல்லாம் காட்டுப் பக்கம் போய் ஆவாரம்பூ பறித்து, கூடையை நடுவில் வைத்துக் கும்மியடித்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவது. சின்ன வயதில் எனக்குப் பொங்கலை விட அந்த நாள்தான் பெரிது. பறிக்கப் பூ இல்லாத ஊரில் அந்த நோம்பியை எப்படிக் கும்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. கடையில் பூ வாங்கி வந்து பூப்பறிக்கிற நோம்பி கொண்டாட முடியுமாங்க?

இது நேற்றைக்கு வந்த பழக்கமும் இல்லை. சங்கப் பாட்டில் காதலுக்காகப் பனைமடல் குதிரை ஏறியவன் சூடிக்கொண்ட பூக்கள் எவை என்று பாருங்கள்: ஆவிரை, பூளை, எருக்கு. மூன்றும் இன்றைக்கும் நம்ம இட்டேரியில் கிடக்கிறவைதான், யாரும் விதைக்காமல், யாரும் தண்ணீர் விடாமல். சிறுபீளை என்று சித்த வைத்தியத்தில் கல்லடைப்புக்குக் கொடுப்பது இதே பூளையைத்தான். ஆவாரைக்குப் பழமொழியே இருக்கிறது, "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று.

உங்கள் பக்கத்து நியாயமும் தெரியும். புதர் மண்டினால் பாம்பு வரும், வளைவில் எதிரே வருகிற வண்டி தெரியாது, பாலத்தடியில் அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் ரோட்டில் ஏறும். சரி, அதையெல்லாம் செய்யத்தான் வேண்டும். வாய்க்காலும் பாலத்தடியும் மழைக்கு முன்னால் புரட்டாசியிலேயே எடுத்துவிடுங்கள். வளைவுகளில் தார் விளிம்பிலிருந்து மூன்றடிக்கு எப்போது வேண்டுமானாலும் வெட்டுங்கள். பார்த்தீனியத்தையும் சீமைக் கருவேலத்தையும் வேரோடு பிடுங்குகிறேன் என்றால் நானே மண்வெட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். மற்றது தை கழியட்டும், பூளை விதை உதிர்த்துவிட்டால் அடுத்த ஐப்பசிக்கு அதுவே முளைத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வண்டி ஓட்டுகிற தம்பி வெளியூர், அவருக்கு எல்லாம் ஒரே பச்சைதான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நூறு நாள் வேலைக்கு வருகிற நம்ம ஊர் அக்காமார்களுக்கு எது பூளை, எது தும்பை, எது பிரண்டை, எது வெட்ட வேண்டியது என்று கண்ணை மூடிக்கொண்டு தெரியும். அந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள், எதை விட வேண்டும் என்று அவர்களையே சொல்லச் சொல்லுங்கள். வண்டி அரை நாளில் முடித்ததற்கு அவர்களுக்கு நாலு நாள் ஆகும். ஆகட்டுமே. கம்பி வேலி வந்து கிளுவை வேலி ஏற்கெனவே பாதி போய்விட்டது, தோட்டக்காரர்கள் நாங்களும் அதற்குப் பொறுப்பு, அதை மறைக்கவில்லை. எங்கள் பங்குக்கு இந்த மழையிலேயே வேலியோரம் ஆவாரை விதை போட்டிருக்கிறோம்.

உங்களில் யாராவது ஒருவர் மார்கழி பிறப்பதற்குள் ஒரு நாள் காலையில் எங்கள் இட்டேரிக்கு வாருங்கள். போன வருசம் வழித்த இடத்தில் எது திரும்ப வந்திருக்கிறது, எது வரவில்லை என்று அம்மிச்சி நடந்தே காட்டுவார். காப்பி எங்கள் வீட்டில்.