என் தொடையிலும் ஒரு தீவு

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பத்திரிகையின் மருத்துவப் பக்கத்தில், இடுப்பு எக்ஸ்ரேயில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது என்று ஒரு வரி. தடித்த எழுத்தில், கட்டம் வேறு கட்டியிருந்தீர்கள். எழுதியவருக்குக் கை நடுங்கவில்லை போலும். படித்த என் மனைவிக்கு நடுங்கியது.

இரண்டு வருடத்துக்கு முன் பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் 513 படியும் ஏறிவிட்டு, இறங்கும்போது கடைசிப் படியில் வழுக்கி விழுந்தேன். எலும்பு முறியவில்லை. ஆனால் எக்ஸ்ரேயில், தொடை எலும்பு இடுப்போடு சேரும் கழுத்துப் பகுதியில் பச்சைப்பயறு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. "கேன்சராக இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அந்த இளம் டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். பதினொரு நாள் வீட்டில் உலை வைத்தது பேருக்குத்தான். ஜோகூரிலிருந்து மகள் ஓடி வந்தாள். மைத்துனர், இபிஎஃப் சேமநிதிப் பணத்துக்கு யார் பெயரைப் போட்டிருக்கிறேன் என்று பக்குவமாக விசாரித்தார்.

அப்புறம், எக்ஸ்ரே படம் பார்க்கும் மூத்த டாக்டர் ஒருவர் கேட்டது ஒரே கேள்வி: "அங்கிள், பழைய படம் ஏதும் இருக்கா?" இருந்தது. 1999-இல் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தபோது எடுத்தது, அலமாரி மேல் பழைய காலண்டர்களோடு கிடந்தது. அதே இடம், அதே அளவு, அதே புள்ளி. எலும்புத் தீவாம் அதன் பெயர். பஞ்சு போன்ற உள் எலும்புக்குள் கெட்டி எலும்பு கொஞ்சம் தங்கிவிடுவது. ஓரம் முள் முள்ளாக நீண்டு பக்கத்து எலும்போடு கலந்திருக்கும். வலிக்காது, வைத்தியமும் வேண்டாம். பினாங்குத் தீவுக்காரனுக்குத் தொடையிலும் ஒரு தீவு, சரி, இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏற்கெனவே மார்பிலோ புராஸ்டேட்டிலோ புற்றுநோய் வந்தவர்கள், ராத்திரியில் எலும்பு வலிப்பவர்கள், புள்ளி வேகமாக வளர்பவர்கள் கட்டாயம் மேற்கொண்டு பார்க்கத்தான் வேண்டும். அதற்காக எல்லாரையும் ஒரே கட்டத்துக்குள் அடைப்பதா? ஆசிரியருக்குத் தெரியாததா!

பாகற்காய்ச் சாறு குடித்தால் இன்சுலினை நிறுத்திவிடலாம் என்று எழுதியதும் இதே பக்கம்தான். அதை மறுத்து நான் அனுப்பிய கடிதம் வரவில்லை. மூட்டுவலித் தைல விளம்பரம் அரைப்பக்கத்துக்கு வந்தது. இந்தக் கட்டுரைக்குப் போட்ட எக்ஸ்ரே படம்கூட இடுப்பு இல்லை ஐயா, தோள்பட்டை. 22 வருடமாகக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறவன் இதைக்கூடச் சொல்லக்கூடாதா?

இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், அதே தடித்த எழுத்தில். பழைய எக்ஸ்ரே படங்களையும் ஸ்கேன் சிடிகளையும் தூக்கிப்போட வேண்டாம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். என் படம் போன தீபாவளிக்கு வீடு கழுவும்போது குப்பைப் பையில் பாதி போய்விட்டது.

ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு