வெட்டுக்கிளிக் காலமும் வெப்பமானியும்

போஸ்மன், மொன்டானா
ஆகஸ்ட் 26

அன்புள்ள ராமநாதனுக்கு,

நலம். உன் நலமும் வீட்டார் நலமும் அறிய ஆவல். உன் கடிதம் கிடைத்தது. அவலாஞ்சிப் பக்கம் மழை இன்னும் விட்டபாடில்லை, ஓடைகள் எல்லாம் கலங்கிப் பெருகி ஓடுவதால் தூண்டிலைப் பரணில் போட்டுவிட்டேன் என்று எழுதியிருந்தாய். இங்கே அதற்கு நேர்மாறு. ஜூலை நடுவிலிருந்து மழை என்று சொல்லத்தக்க ஒன்றும் பெய்யவில்லை. மலைமேல் கிடந்த பனி உருகித் தீர்ந்துவிட்டது. ஆறுகள் வற்றி, அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் நிறம்கூடத் தெரியும்படி தெளிந்து ஓடுகின்றன. மேற்கே எங்கோ எரியும் காட்டுத்தீயின் புகை பள்ளத்தாக்கில் வந்து தங்கியிருப்பதால் எதிரே இருக்கும் மலை சில நாட்களில் கண்ணுக்கே தெரிவதில்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியில் புறப்பட்டு வரலாமா, வெட்டுக்கிளி ஃப்ளையை, அதாவது பூச்சி போலவே செய்த போலி இரையை, வீசி டிரவுட் மீன் பிடிக்கும் காலம் அதுதானே என்று கேட்டிருந்தாய். அவசியம் வா. ஆனால் டிக்கெட்டை ஆகஸ்டுக்கு எடுக்காதே. செப்டம்பர் இரண்டாம் வாரத்துக்கு எடு. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இந்தப் பக்கத்து ஆறுகளில் கோடையின் பிற்பகுதி எப்படிக் கழிகிறது என்பதை அறியாமல் வந்தால், உலகத்தில் பாதியைத் தாண்டி வந்த பிறகும் மத்தியானத்துக்கு மேல் கரையில் உட்கார்ந்து ஆற்றை வேடிக்கை பார்க்கத்தான் நேரும்.

டிரவுட் குளிர்ந்த நீரின் மீன் என்பதை நீலகிரியில் இருக்கும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீர் 10 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது அது நன்றாக மேயும். 20 டிகிரியைத் தாண்டினால் திணறத் தொடங்கும். 25-ஐ நெருங்கினால் உயிர் தரிப்பதே பாடாகிவிடும். நீர் சூடேற ஏற அதில் கரைந்து நிற்கும் பிராணவாயு குறைகிறது. கடல்மட்டத்தில் 10 டிகிரி நீர் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல் வைத்துக்கொள்ளும் என்றால், 20 டிகிரி நீரில் 9 மில்லிகிராம்தான் நிற்கும். நாங்கள் இருக்கும் உயரத்தில் அதுவும் இல்லை. அதே வேளையில் குளிர்ரத்தப் பிராணியான மீனின் உடல் வெப்பத்தில் வேகமாக இயங்குவதால் அதற்கு வேண்டிய வாயுவோ கூடுகிறது. இந்த நிலையில் ஒரு மீனைத் தூண்டிலில் மாட்டி ஐந்து நிமிடம் போராட வைத்து, படம் எடுக்கக் கையில் தூக்கிப் பிடித்துவிட்டுப் பிறகு ஆற்றில் விட்டால், அது வாலை அடித்துக்கொண்டு போவது நம் கண்ணுக்கு நன்றாகத்தான் தெரியும். சற்றுக் கீழே போய் அது செத்துக் கிடப்பதை நாம் பார்ப்பதில்லை.

இதற்காகவே இந்த மாநிலத்தின் மீன், வனவிலங்கு, பூங்காத் துறை ஒரு வழக்கம் வைத்திருக்கிறது. ஓர் ஆற்றின் நீர் தொடர்ந்து மூன்று நாட்கள் 73 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸை எட்டினால், அந்தப் பகுதியில் பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடக்கூடாது. ஹூட் அவுல் கட்டுப்பாடு என்று அதற்குப் பெயர். நள்ளிரவு வரை எதற்கு, வெயில் தாழ்ந்ததும் போகலாமே என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். காற்று குளிர்ந்துவிடும், ஆறு குளிராது. பகலெல்லாம் சூடு வாங்கிய நீர் மாலை ஐந்து, ஆறு மணிவாக்கில்தான் உச்சத்தைத் தொடும். பிறகு இரவு முழுவதும் மெல்ல மெல்ல ஆறி, சூரியன் எழுந்த சற்று நேரத்தில்தான் மிகக் குளிர்ந்திருக்கும். ஆகவே இந்த மாதத்தில் மாலை இதமாக இருக்கிறது என்பது மனிதனுக்கு மட்டுமே பொருந்தும் செய்தி.

இங்கேதான் சங்கடம். வெட்டுக்கிளிகள் அதிகாலைக் குளிரில் புல்லோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் இருக்கும். வெயில் ஏறி, உடல் சூடாகி, அவை துள்ளத் தொடங்கவே முன்பகல் முடிந்துவிடும். பிற்பகலில் பள்ளத்தாக்குக் காற்று எழுந்து அவற்றை ஆற்றில் தள்ளும்போதுதான் மீன்கள் கரையோரம் வந்து காத்திருக்கும். வறண்ட, வெயில் மிகுந்த ஆண்டில் வெட்டுக்கிளி பெருகும். அதே ஆண்டில்தான் ஆறும் காயும். சுருங்கச் சொன்னால், நீ ஆசைப்படும் ஆட்டம் எந்த நேரத்தில் சூடு பிடிக்கிறதோ அந்த நேரத்தில்தான் ஆற்றுக்குக் கதவடைக்கிறார்கள். எனக்கு இதில் குறை ஒன்றும் இல்லை. துறையின் அறிவிப்பு வருவதற்கு முன்பே நானாக நிறுத்திவிடுகிறேன். ஆற்றில் இறங்கியதும் முதலில் நீரில் விடுவது ஃப்ளையை அன்று, நூலில் கட்டிய வெப்பமானியைத்தான். 20-ஐக் காட்டிவிட்டால் ராட் என்ற தூண்டில் கோலை மடக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். இளைஞர்கள் சிலர் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இந்தக் கவலை வீண் அன்று என்பதற்கு 2016-இல் நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஆகஸ்டில் யெல்லோஸ்டோன் ஆற்றில் வொயிட்ஃபிஷ் என்ற உள்நாட்டு மீன்கள் ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தன. சிறுநீரகத்தைத் தாக்கும் ஓர் ஒட்டுண்ணிதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். நீர் குறைந்து சூடாகியிருந்ததால் நோய் கைமீறிப் போயிற்று. ஆகஸ்ட் 19 அன்று, யெல்லோஸ்டோன் பூங்காவின் எல்லையிலுள்ள கார்டினர் முதல் லாரெல் வரை 183 மைல் ஆற்றையும் அதில் வந்து சேரும் ஓடைகளையும் அடைத்துவிட்டார்கள். தூண்டில் மட்டும் அன்று, படகும் கூடாது, நீச்சலும் கூடாது. பெருந்தேக்க அணை ஏதும் இல்லாத அவ்வளவு பெரிய ஆற்றின் கரையில், கோடை விடுமுறை உச்சத்தில், ஒரு மனிதர்கூட நீரில் இல்லாமல் இருந்ததை எண்ணிப் பார். படகோட்டி வழிகாட்டிகளும் விடுதிக்காரர்களும் பட்ட நட்டம் கொஞ்சமில்லை. செப்டம்பரில்தான் படிப்படியாகத் திறந்தார்கள். பிறகு 2023-இல், பிக் ஹோல், ரூபி, பீவர்ஹெட் ஆறுகளின் பல பகுதிகளில் பிரவுன் டிரவுட்டின் எண்ணிக்கை முன்பு எப்போதும் இல்லாத அளவுக்குக் குறைந்திருப்பது கணக்கெடுப்பில் தெரியவந்தது. அதற்கு வெப்பம் ஒன்றே காரணம் என்று எவரும் சொல்லவில்லை. வைக்கோல் வயல்களுக்கு இறைக்கும் நீரும், நோயும், எங்களைப் போன்ற தூண்டில்காரர்களின் நெரிசலும் சேர்ந்தேதான் பேசப்படுகின்றன.

பிடித்த மீனை ஆற்றிலேயே விடுவதற்கு எதற்கு இத்தனை பாடு, குழம்பு வைத்தாலாவது பொருள் உண்டு என்று எழுதியிருந்தாய். உன் கேள்வியில் நியாயம் உண்டு. இந்த ஊரார் சிலர் பேசுவதைப் போல, விட்டுவிட்டால் பாவம் தீர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனி. இந்த ஆறுகளில் இப்போது இருப்பவை பண்ணையில் வளர்த்துக் கொட்டிய மீன்கள் அல்ல. டிக் வின்சென்ட் என்ற மீன்வள ஆய்வாளர் மேடிசன் ஆற்றில் செய்த ஆய்வில், பண்ணை மீன்களைக் கொட்டக் கொட்ட ஆற்றில் தாமாகப் பிறந்து வளரும் மீன்கள் குறைகின்றன என்று கண்டார். பெரிய எதிர்ப்புக்கிடையே 1974-இல் மொன்டானா தன் ஆறுகளில் டிரவுட் கொட்டுவதை நிறுத்திவிட்டது. அவலாஞ்சியில் பண்ணை இருக்கிறது, மீன் குறைந்தால் மீண்டும் விடலாம்; இங்கே அந்த வழி இல்லை. இனம் என்று பார்த்தால் உன் ஓடையில் இருக்கும் ரெயின்போ டிரவுட்டைப் போலவே இங்கிருப்பதும், வடமேற்கு மூலையிலுள்ள கூட்னாய் ஆற்றுப் பக்கம் நீங்கலாக, பசிபிக் கரையிலிருந்து வந்து குடியேறியதுதான். பிரவுன் டிரவுட் ஐரோப்பாவிலிருந்து 1889-இல் மேடிசனுக்கு வந்தது. தாடைக்குக் கீழே சிவப்புக் கீற்றுடைய கட்த்ரோட் ஒன்றுதான் இந்தப் பக்கத்து ஆறுகளின் சொந்த டிரவுட். வந்தேறிகளுக்கும் பூர்வகுடிக்கும் இடையே நான் பக்கம் சேர்வதாக இருந்தால் அதன் பக்கம்தான் சேர்வேன்.

சரி, காலைகளைப் பற்றிச் சொல்கிறேன். ஆகஸ்டிலும் அவை நமக்கே உரியவை. ஹோல்டர் அணைக்குக் கீழே, கிரெய்க் என்ற சிற்றூரை ஒட்டி மிசௌரி ஆறு அகன்று மெதுவாக ஓடுகிறது. விடிந்து ஓரிரு மணி நேரத்தில் டிரைக்கோ என்ற மிகச் சிறிய மேஃப்ளைகள், நீரில் வளர்ந்து சிறகு முளைத்து எழும் பூச்சிகள், கரையோர மரங்களின் உயரத்தில் புகைபோல எழும். ஆண்கள் இரவிலேயும் பெண்கள் விடியலிலேயும் நீரைவிட்டு எழுந்தவை. காற்று 20 டிகிரியைத் தொடும் வேளையில் இணைந்து, முட்டையிட்டு, சிறகுகளை இரு பக்கமும் விரித்தபடி செத்து ஆற்றில் விழும். நம் பக்கத்தில் முதல் மழைக்கு மறுநாள் தெருவிளக்கின் கீழே ஈசல் விழுமே, அந்தக் கணக்கில்தான் விழும். ஒரு பூச்சிக்கு மூன்று, நான்கு மில்லிமீட்டர் நீளம்கூடத் தேறாது. ஆனாலும் இரண்டு கிலோ பிரவுன் அதை ஒவ்வொன்றாக உறிஞ்சித் தின்னும். நீர் தெறிக்காது. மேலுதடு மட்டும் ஒரு கணம் வெளியே தெரியும், ஒரு குமிழி மிஞ்சும், அவ்வளவுதான். பூச்சி அளவற்றுக் கிடப்பதால் அந்த மீன் பக்கவாட்டில் ஒரு சாண் தூரம்கூட நகராது. உன் ஃப்ளை அதன் மூக்குக்கு நேராக, அது வாய் திறக்கும் தாளத்தில், தூண்டில் நரம்பின் இழுப்பு சிறிதும் இன்றி மிதந்து வரவேண்டும். 22-ஆம் எண் என்ற மிகச் சிறிய முள், அதற்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ இழுப்பிலேயே அறுந்துவிடும் 6X நரம்பு. முள்ளின் காதில் அந்த நரம்பைக் கோப்பதற்குள் என் வயதுக் கண்ணுக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது. எழுத்து பெரிதாகத் தெரியும் கண்ணாடி ஒன்றை நீயும் கொண்டு வா.

எல்லா ஆறும் ஒரேபோல் சூடாவதில்லை என்பதையும் அறிந்துகொள். மிசௌரி போன்று அணைக்குக் கீழே குளிர்ந்த நீர் ஓடும் இடங்களும், ஆண்டு முழுவதும் ஒரே குளிரில் ஊறும் பாரடைஸ் பள்ளத்தாக்கின் ஊற்றோடைகளும் கோடையைத் தாங்கும். மேடிசன் ஒரே ஆறுதான். ஆனால் 1959 ஆகஸ்ட் 17 இரவு நிலநடுக்கத்தில் மலை சரிந்து உண்டான குவேக் ஏரிக்குக் கீழே அது குளிர்ந்து ஓடுகிறது, ஆழமில்லாத என்னிஸ் ஏரியில் தேங்கிக் கிடந்துவிட்டு வெளியேறும்போது வெந்நீராகிறது. பூங்காவுக்குள் ஓடும் ஃபயர்ஹோலில் வெந்நீர் ஊற்றுகளும் கலப்பதால் ஜூலை, ஆகஸ்டில் அதன் பக்கம் போகவே வேண்டாம்.

செப்டம்பரைச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும். இரவுகள் உறைநிலைக்கு அருகே இறங்கும். பிற்பகலிலும் ஆறு பெரும்பாலும் 15, 16 டிகிரியைத் தாண்டாது. கடுமையான உறைபனி விழும்வரை வெட்டுக்கிளி இருக்கும். ஆகவே சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் இடையூறின்றி மத்தியானம் முழுவதும் நீ விரும்பிய ஆட்டம் ஆடலாம். வீசும் முறை எளிது. கரைப்புல் ஆற்றின்மேல் கவிந்து நிற்கும் இடத்தில், புல்லிலிருந்து ஒரு சாண் விட்டு, ரப்பர் நுரையில் செய்த ஃப்ளையைச் சற்றுச் சத்தம் வரும்படியே அடித்துப் போடு. உடனே லைனை நீரோட்டத்துக்கு எதிராக ஒரு புரட்டுப் புரட்டி விட்டுவிடு. பூங்காவுக்குள் ஓடும் ஸ்லவ் கிரீக் ஓடையின் புல்வெளியில் கட்த்ரோட் அடியிலிருந்து எழுந்து, ஃப்ளைக்குக் கீழேயே பின்னோக்கி மிதந்தபடி அதை முகர்ந்து பார்ப்பதைத் தெளிந்த நீரில் நீயே காணலாம். அந்த நேரத்தில் கை பதறினால் மீன் இல்லை. அது வாய் மூடித் தலையைக் கவிழ்த்த பிறகுதான் இழுக்க வேண்டும். முள்ளின் உட்பக்கம் துருத்தும் கூர்நுனியை முன்பே இடுக்கியால் நசுக்கிவிடு, மீனைத் தொடுமுன் கையை நனைத்துக்கொள், நீருக்கு வெளியே எடுக்காமலேயே முள்ளைக் கழற்று. மேகமூட்டமான நாட்களில் சிறு மேஃப்ளைகள் எழும்; பிரவுன்கள் இனப்பெருக்கத்துக்கு ஆயத்தமாகி நிறம் ஏறத் தொடங்கியிருக்கும்.

உன் மூட்டு வலியைப் பற்றி யோசித்தேன். மேல் மேடிசனின் கற்கள் வழுக்கும், நீரின் வேகமும் அதிகம். ஊன்றுகோல் ஒன்று உனக்காக எடுத்து வைக்கிறேன். இறங்கும் இடத்துக்குக் கவலை இல்லை. 1985-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுப் பாதையிலோ பாலத்தடியிலோ இறங்கிவிட்டால், இரு கரையும் தனியார் பண்ணையாக இருந்தாலும் வெள்ளம் வழக்கமாக எட்டும் மட்டம்வரை எவரும் ஆற்றோடு நடக்கலாம். பக்கத்து வயோமிங்கில் அப்படி நடந்தால் வழக்குப் போட்டுவிடுவார்கள். பூட்ஸ் மட்டும் ஒட்டுக்கம்பளி அடிப்பாகம் உள்ளதாக இருக்கக்கூடாது. பூங்காவுக்குள் 2018 முதல் அதற்குத் தடை. நீலகிரியில் நனைந்த பூட்ஸைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே பெட்டியில் வை. மேடிசனின் ரெயின்போ கூட்டத்தைப் பெருமளவு அழித்த சுழல்நோய் என்ற மீன்நோய் 1994-இல் தெரியவந்ததிலிருந்து இங்கே எல்லோரும் இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். ராட், ரீல், ஃப்ளை எதுவும் சுமந்து வரவேண்டாம்.

முதலில் கிரெய்க்கில் தங்கி மிசௌரி, பிறகு என்னிஸ் வழியாக மேல் மேடிசன், கடைசியாகப் பூங்காவுக்குள் ஸ்லவ் கிரீக் என்று மனத்தில் வைத்திருக்கிறேன். கிரெய்க்கில் அறைகள் குறைவு. செப்டம்பருக்கு வசந்தத்திலேயே நிரம்பிவிடும். ஆகவே டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது. உன் வீட்டில் அனைவருக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
சேகர்