ஓடிப்போகிறவர்கள் என்று எழுதியவருக்கு

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வட ஒன்ராறியோக் குடிவரவு பற்றி வந்த கட்டுரையில் ஒரு வரி: 'பீஆர் அட்டை கைக்கு வந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரொறொன்ரோவுக்கு ஓடிவந்துவிடுகிறார்கள்.' நல்லது. அந்த நிரந்தர வதிவிட அட்டை கிடைத்த பிறகும் சட்பரிக்கு வடக்கே, 11ஆம் நெடுஞ்சாலை ஓரத்துச் சிறு நகரமொன்றில்தான் நான் இருக்கிறேன். தங்கச் சுரங்கத்தில் கனரக வாகன மெக்கானிக். ஓடாத ஒருவன் ஓடியவர்களுக்காகப் பேசினால் கோபிக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உங்களுக்குத் தெரியாததில்லை. வேலையாட்கள் குறைந்த சிறு நகரங்களுக்குக் குடிவரவாளரை எடுக்கவென்று 2019இல் கனடிய மத்திய அரசு அறிவித்த முன்னோடித் திட்டத்தில் தண்டர் பே, டிமின்ஸ், சட்பரி, நோர்த் பே, சூ செயின்ற் மரி என்று ஒன்ராறியோவில் மட்டும் ஐந்து நகரங்கள். 2024 ஓகஸ்டில் அதை மூடினார்கள். 2025 ஜனவரியில் வேறு பெயரில் இன்னொன்றைத் திறந்தார்கள், அதிலும் இதே ஐந்து. வேலைக் கடிதம் இருந்தால் ஆளை வரவழைக்கிறார்கள், சரி. வந்தவனின் மனைவிக்கு என்ன வேலை, பிள்ளையை யார் பார்ப்பது? அதற்கு யாரும் பொறுப்பில்லை.

என்னோடு வேலை செய்த தம்பி ஒருவர் போன வருடம் ரொறொன்ரோப் பக்கம், பிரம்ப்டனுக்குப் போய்விட்டார். மனைவி கொழும்பில் கணக்காளர், இங்கே பலசரக்குக் கடையில் காசாளர். பகல்நேரப் பிள்ளைக் காப்பகத்தில் இடம் வருவதற்குள் பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. இவரா ஓடினார்? நிரந்தர வதிவாளர் எந்த மாகாணத்திலும் குடியிருந்து உழைக்கலாம் என்று உரிமைகள் சாசனத்தின் ஆறாம் பிரிவே சொல்லும்போது, உங்கள் கட்டுரையாளர் மட்டும் அவர்களைக் கடன்காரர்கள் போல எழுதுகிறார்.

என் மகளுக்குக் காதில் சீழ். விசேட வைத்தியர் சட்பரியில். விடியமுன் பனியில் புறப்பட்டோம். வழியில் ட்ரக் ஒன்று குடைசாய்ந்து நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். பெற்றோல் நிலையமொன்றில், குளிருக்காக எஞ்சினை நிறுத்தாமல், மத்தியானம் வரை காருக்குள்ளேயே இருந்தோம். பிள்ளை பின்சீற்றில் காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள். வைத்தியரின் அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டால், அவரைப் பார்க்க அடுத்த இடம் பனி கரைந்த பிறகுதானாம். வடக்கில் உள்ளவர்களுக்கு மாகாண அரசு கிலோமீற்றருக்கு 41 சதம் பயணக் கொடுப்பனவு தருகிறது. ஆனால் படிவத்தில் வைத்தியர் தரப்புக் கையெழுத்து வேண்டும். நாங்கள் அவரைப் பார்க்கவே இல்லையே!

ரொறொன்ரோவிலிருந்து வடக்கே ஓடிய நோர்த்லாண்டர் ரயிலை 2012இல் நிறுத்தினார்கள். நான் வருவதற்கு முந்திய கதை. அதைத் திரும்பக் கொண்டுவர இங்குள்ளவர்கள் பட்ட பாட்டைப் பற்றி உங்கள் பத்திரிகையில் ஒரு பந்தி பார்த்ததில்லை. பனிப்புயல்கூட ரொறொன்ரோப் பக்கத்து மார்க்கம் நகரில் அடித்தால்தான் உங்களுக்குச் செய்தி. ஸ்காபரோ மண்டபத்துப் பிறந்தநாள் படங்களுக்கு மட்டும் எப்படியோ இடம் கிடைத்துவிடுகிறது.

ஆட்களை நிற்க வைக்க இந்த நாட்டுக்குத் தெரியாமலும் இல்லை. 2005இல் சட்பரியிலும் தண்டர் பேயிலும் மருத்துவக் கல்லூரி தொடங்கி, வடக்குப் பிள்ளைகளை எடுத்து, வடக்கிலேயே பயிற்றுவித்தார்கள். அங்கே படித்த வைத்தியர்களில் பலர் இங்கேயே நின்றுவிட்டார்கள். எங்கள் விஷயத்தில் அவ்வளவு பொறுமை யாருக்கும் இல்லை. வெற்றிடத்தை நிரப்பினால் போதும், அதற்குப் பிறகு அவன் பாடு.

கட்டுரையைத் திருத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. அது உங்கள் பெருந்தன்மை. ஒரு சின்ன வேண்டுகோள்தான். உங்கள் பத்திரிகை பாரி நகரத்துக்கு அப்பால் வருவதில்லை. மச்சான் வட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்புவதைத்தான் வாசிக்கிறேன், அதிலும் ஓரத்து எழுத்தெல்லாம் வெட்டுப்பட்டுவிடும். தபாலில் சந்தா உண்டா என்று அறியத்தரவும். தபாற்செலவை நானே கட்டுகிறேன்.

இப்படிக்கு,
11ஆம் நெடுஞ்சாலை வாசகன்
வட ஒன்ராறியோ