டிரெட்மில் ரிப்போர்ட்டில் ஒரு வரி போதாது

ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னையில் மாஸ்டர் ஹெல்த் செக்கப் முடித்து வீட்டுக்குக் கொண்டுபோகும் ஃபைலில், டிரெட்மில் பரிசோதனைக்கு (ஓடும் பெல்ட்டில் நடக்கவைத்து, ஈ.சி.ஜி. எடுத்து, இதயத்துக்கு ரத்தம் குறைகிறதா என்று பார்ப்பது) பல நேரம் 'நெகட்டிவ்', அதாவது குறை தெரியவில்லை, என்று ஒரு வரிதான் இருக்கிறது. எத்தனை நிமிடம் நடந்தார், நாடித்துடிப்பு எதுவரை ஏறியது, ஏன் நிறுத்தினார்கள் என்பதெல்லாம் இல்லாமல் அந்த வரியை வைத்து எந்த மருத்துவரும் எதுவும் சொல்ல முடியாது.

பெல்ட்டை ஓட்டுவது பெரும்பாலும் புரூஸ் முறை எனப்படும் வரிசையில்தான். 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும்: மணிக்கு 2.7 கி.மீ., 10 சதவீத ஏற்றம்; பிறகு 4 கி.மீ., 12 சதவீதம், மூன்றாவதாக 5.5 கி.மீ., 14 சதவீதம். 220-இல் வயதைக் கழித்து, அதில் 85 சதவீதத்தை நாடி எட்ட வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. 50 வயதுக்காரருக்குச் சுமார் 145. அவர் 118-லேயே கால் வலிக்கிறது என்று இறங்கிவிட்டால், அதுவரை ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் அது 'நெகட்டிவ்' ஆகாது. சோதனை நிறைவடையவில்லை என்றுதான் எழுத வேண்டும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் அட்டெனலால், மெட்டோபுரோலால் சாப்பிடுபவர்களுக்கு அடிக்கடி இப்படி ஆகும், ஏனென்றால் அந்த மாத்திரைகள் நாடியை ஏறவிடாது. முன்கூட்டியே நிறுத்தலாமா என்பதை எழுதிக் கொடுத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தானாக நிறுத்துவது ஆபத்து.

ரிப்போர்ட்டில் வரும் 'மெட்ஸ்' (சும்மா இருக்கும்போது ஆவதைப்போல் எத்தனை மடங்கு உழைப்பு) கணக்கையும் அப்படியே நம்ப வேண்டாம். கருவி அதை அளப்பதில்லை. பெல்ட்டின் வேகத்தையும் ஏற்றத்தையும் வைத்துக் கணக்குப் போடுகிறது. உடம்பின் பாரத்தையெல்லாம் கைப்பிடியில் போட்டு 9 நிமிடம் ஓட்டியவருக்கும் சுமார் 10 மெட்ஸ் என்றே அச்சாகும். விழாமலிருக்க விரல் நுனியை வைத்தால் போதும்.

இதைவிடப் பெரிய தொல்லை, ஆடும் ஈ.சி.ஜி. கோடு. குளித்து, மார்பில் பவுடர் போட்டு வந்தால் ஈ.சி.ஜி. ஒயரை மாட்டும் எலக்ட்ரோடு வில்லை ஒட்டாது. ரோமத்தை மழித்து, ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, தோலை லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டினால்தான் வியர்வை வழியும்போதும் நிற்கும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏ.சி. இல்லாத அறை என்றால் கேட்கவே வேண்டாம். ஈ.சி.ஜி. கோட்டில் 'எஸ்.டி.' எனப்படும் பகுதி 1 மில்லிமீட்டர் இறங்கியதா (இறங்கினால் இதயத்துக்கு ரத்தம் குறைவதன் அறிகுறியாக இருக்கலாம்) என்பதே கேள்வியாக இருக்க, ஆடும் கோட்டில் அந்த 1 மில்லிமீட்டரை எங்கே தேடுவது? கணினி சராசரி எடுத்துத் தரும் வழுவழுப்பான படத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. மூலப் பதிவோடு ஒப்பிட வேண்டும்.

வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கவைத்து, பொங்கல், வடை, காபி தந்து, உடனே டிரெட்மில்லில் ஏற்றும் வழக்கமும் மாற வேண்டும். லேசாகச் சாப்பிட்டு 2, 3 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். அன்று காபியும் சிகரெட்டும் கூடாது. பெண்கள் சுடிதாரில் வருவது நல்லது, புடவை பெல்ட்டில் தடுக்கும். சிலருக்கு ஈ.சி.ஜி. மாற்றம் நடையை நிறுத்தி ஓய்வெடுக்கும்போதுதான் தலைகாட்டும். எனவே நின்ற பிறகும் 6 நிமிடமாவது பதிவு ஓட வேண்டும். வரிசையில் ஆள் காத்திருக்கிறார் என்று 2 நிமிடத்தில் ஒயரைக் கழற்றுவது சரியல்ல.

மூச்சு வாங்குகிறது என்று வருபவர்களுக்கு டிரெட்மில் 'நார்மல்' என்றால் நுரையீரலும் நலம் என்று பொருளில்லை. காசநோய் குணமானபின் நுரையீரலில் தழும்பு தங்கியவர்களுக்கு ஆறு நிமிட நடைப் பரிசோதனை அதிகம் சொல்லும். 30 மீட்டர் சமதள வராந்தா, இரண்டு கோன், ஒரு நாற்காலி, விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இருந்தால் போதும். 6 நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பதுதான் இது. களைத்தால் நின்றுகொள்ளலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. ஊழியர் நோயாளிக்கு முன்னால் நடந்து வேகத்தை இழுத்துவிடக் கூடாது. வராந்தா குட்டையானால் திரும்பும் தடவை கூடி, தூரம் குறைந்துவிடும். முந்தைய முறையோடு ஒப்பிடவும் முடியாது. நகப்பூச்சு இருந்தால் ஆக்சிஜன் அளவு தப்பாகக் காட்டலாம். குறை இதயத்திலா நுரையீரலிலா என்று இதிலும் பிடிபடாவிட்டால், முகமூடி மாட்டி மூச்சுக் காற்றையே அளக்கும் பரிசோதனைக்குப் போகலாம். அது எல்லா இடத்திலும் கிடையாது.

பரிசோதனைக் கூடங்கள் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே நடந்த நேரம், எட்டிய நாடி, ரத்த அழுத்தம், நிறுத்திய காரணம், அன்று சாப்பிட்ட மாத்திரைகள் ஆகியவற்றை அச்சிட வேண்டும். இவையெல்லாம் ஏற்கெனவே கணினியில் இருப்பவை அல்லது கேட்டு எழுதக்கூடியவை. செலவு எதுவும் இல்லை.

இதய, நுரையீரல் பரிசோதனைத் தொழில்நுட்பர்கள்,
சென்னை