அப்பாவுக்கு, ஸ்கார்பரோவிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். உங்கள் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கிடைத்தது. இத்தனை காலம் நான் எழுதாமல் இருந்ததற்கு நீங்கள் ஒரு வார்த்தைகூடக் கடிந்துகொள்ளவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை.

பெரியம்மா கேட்டதற்குப் பதில்: இன்னும் டாக்டர் ஆகவில்லை. மும்பை சயன் ஆஸ்பத்திரியில் படித்து வாங்கிய எம்.பி.பி.எஸ். இங்கே வாசல்வரைதான் வரும். முதலில் கனடா மருத்துவக் கவுன்சிலின் எழுத்துத் தேர்வு. பிறகு, நோயாளிகளாக நடிக்க வருபவர்களைப் பரிசோதித்துக் காட்டும் தேர்வு. அதன்பின் பயிற்சி இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கான இடங்கள் குறைவு. கிடைத்தால் குடும்ப மருத்துவத்தில் 2 ஆண்டுப் பயிற்சி, பிறகு மருத்துவர் தேவைப்படும் ஊரில் சில ஆண்டுகள் பணிபுரிவதாக ஒப்பந்தம். எழுத்துத் தேர்வு முடிந்துவிட்டது. இரண்டாவதை அடுத்த தவணைக்குத் தள்ளியிருக்கிறேன்; படிக்க நேரம் வேண்டுமென்றுதான், வேறொன்றுமில்லை. பணத்துக்குக் குறைவில்லை. அம்மா வளையலில் கை வைக்கவே கூடாது.

சனிக்கிழமைகளில் ஒரு கோயில் மண்டபத்தில் தமிழ் முதியவர்களுக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறோம். பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். மருந்து எழுத எனக்கு உரிமை இல்லை. ஆனால் டாக்டரிடம் அவர்களுக்குத் துணையாகப் போகலாம், அவர் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்லலாம். இங்கே சர்க்கரையை வேறு அளவில் எழுதுகிறார்கள். ஊரில் 126 என்றால் இங்கே 7. ஒரு பாட்டி, “முந்தி 200 இருந்தது, இப்போது 11தான்” என்று சந்தோஷப்பட்டு மாத்திரையையே நிறுத்தியிருந்தார். 11-ஐ 18-ஆல் பெருக்கி, 198 என்று தாளில் எழுதிக் காட்டினேன். வெகுநேரம் என் கையை விடவில்லை. மறுநாளே அவரை டாக்டரிடம் அழைத்துப் போனேன். அப்பா, இதற்காகத்தானே என்னைப் படிக்க வைத்தீர்கள்? அனுமதிக் காகிதம் வரும்வரை இதையும் தள்ளி வைக்க எனக்கு மனம் வராது.

மற்ற நாட்களில் முதியோர் இல்லத்தில் இரவுப் பணி. நல்ல வேலைதான். வீடு கீழ்த்தளத்து அறை, கதகதப்பாக இருக்கிறது. வெளியே மைனஸ் 15. மூச்சை இழுத்தால் மூக்கின் உள்முடி விறைத்துக் குத்துகிறது. பக்கத்து வீட்டில் ஓர் இத்தாலியக் கிழவர் தனியாக இருக்கிறார். ஊரிலிருந்து கொண்டுவந்த கிளையை நட்டு வளர்த்த அத்திமரம் ஒன்று வைத்திருக்கிறார். குளிர் தொடங்குமுன் அதை வளைத்து, சாக்குச் சுற்றி, குழி வெட்டி மண்ணுக்குள் படுக்கவைத்து மூடிவிட்டார். சித்திரைக்குப் பிறகு தோண்டி நிமிர்த்துவாராம். சாக்கைப் பிடித்துக்கொள்ள என்னைத்தான் கூப்பிட்டார். பேச்சுக்குப் பேச்சு “சாப்பிட்டாயா?” என்று அவர் கேட்பது நம் ஊர் ஆள் மாதிரியே இருக்கிறது. நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன்.

பொங்கலன்று வேலை முடிந்து வந்து ஒரு கைப்பிடி அரிசி போட்டேன். பொங்கி வழிந்து அடுப்பில் கருகினால் புகைமணி அலறும் என்று பயந்து, பெரிய பாத்திரத்தின் அடியில் கொஞ்சமாக வைத்தேன். பொங்கவே இல்லை. நம் தாராவி 90 அடி சாலையில் வரிசையாக அடுப்பு மூட்டி, அத்தனை பானையும் சேர்ந்து பொங்க, அம்மாவும் அத்தையும் குலவையிடுவார்களே, அந்தச் சத்தம் கேட்காமல் என்ன பொங்கல், அப்பா? ஒரு வாய்கூட இறங்கவில்லை. தம்பி குலவையைப் பதிவு செய்திருந்தால் அனுப்பச் சொல்லுங்கள்.

அம்மாவின் காலில் புண் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். வெறும் வயிற்றில் 190 இருக்கும்போது அது சின்ன விஷயமில்லை. சர்க்கரையால் கால் மரத்துப்போனால் வலி தெரியாது. வலி இல்லை என்று அம்மா சொல்வதை நம்ப வேண்டாம். மஞ்சள் பூச வேண்டாம், வெந்நீரில் கால் வைக்க வேண்டாம், வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்க வேண்டாம். திங்கட்கிழமையே சயன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மூன்று மாதச் சராசரி தெரியும் ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். இரவில் விரல் இடுக்குகளை நீங்களே விளக்கு வைத்துப் பாருங்கள்.

தாராவியை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கான வீட்டு சர்வே பற்றி. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத்தான் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்பதால், தாத்தா காலத்து ரேஷன் கார்டும் பழைய கரண்ட் பில்லும் வாக்காளர் பட்டியல் நகலும்தான் நமக்கு எல்லாம். தகரப் பெட்டியிலிருந்து எடுத்து நகல் போட்டு வையுங்கள். வருகிறவர்களிடம் நகலை மட்டும் கொடுங்கள். மாடியறைக்கு வேறு விதி. தம்பி தெருமுனைப் பேச்சை நம்பாமல் எழுத்தில் கேட்டு வாங்கட்டும். அதற்காக அவன் கல்யாணப் பேச்சை நிறுத்த வேண்டாம். பெண் வீட்டார் கயத்தாறு பக்கம் என்றால் பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கும், விசாரியுங்கள். பெண் படிக்க விரும்பினால் கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கட்டும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

அம்மாவின் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் தம்பி படம் எடுத்து அனுப்பட்டும். இரவு எந்நேரமானாலும் விழித்துத்தான் இருப்பேன்.

அன்பு மகள்