'உஸ்' சத்தம் கேட்டதும் ரேடியேட்டர் மூடியைத் திருகாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆடி, தை அமாவாசைகளுக்கு ராமேஸ்வரம் வரும் கார்கள் உச்சிப்புளி, மண்டபம் சாலையோரங்களில் பானெட்டைத் திறந்தபடி நிற்பதுண்டு. இன்ஜினில் 'உஸ்' என்று சீறினால் பலருடைய கை முதலில் ரேடியேட்டர் மூடிக்குத்தான் போகிறது. உள்ளே சுமார் 1 பார் அழுத்தத்தில் 100 டிகிரியைத் தாண்டிய கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இருக்கும். திறந்த நொடியில் முகத்தில் பீய்ச்சும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டால் சூடு தெரியாத நிலை வந்த பிறகே, கனத்த துணியைப் போட்டு மெல்லத் திருகலாம்.

சத்தம் எப்போது வருகிறது என்பதைக் கவனித்தாலே பாதி வேலை முடியும். இன்ஜினை நிறுத்திய பிறகும் பானெட்டுக்குள் சீறினால் கூலண்ட் கசிகிறது. ஹோஸ் முனைகளிலும் மூடியைச் சுற்றியும் வெள்ளை அல்லது பச்சைப் படிவு தெரியும். ஏசியை அணைத்ததும் டாஷ்போர்டுக்குள் சிறிது நேரம் கேட்பது கேஸ் அழுத்தம் சமமாகும் ஒலி, அதற்குச் செலவு செய்ய வேண்டாம்.

பெட்ரோல் காரில் ஐடிலில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) சீறி, நிறுத்தியதும் அடங்கினால், இன்ஜினின் உறிஞ்சு விசையைக் கடத்தும் வேக்கம் ஹோஸில் விரிசல் விட்டிருக்கலாம். ஐடில் வேகமும் ஏறி இறங்கும். சந்தேகமான இடங்களில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறும் இடம்தான் ஓட்டை. இந்த வேக்கத்தால் இயங்கி பிரேக் மிதிப்பதை எளிதாக்கும் பிரேக் பூஸ்டரையும் கட்டாயம் சோதிக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி, பிரேக் பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் வண்டியை ஓட்டாதீர்கள், டோ செய்யுங்கள்.

டர்போ டீசலில் ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் சீறி, இழுவை குறைந்து கரும்புகை வந்தால் இன்டர்கூலர் (டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ஹோஸைப் பாருங்கள்.

நம் கடற்கரையில் உப்புக்காற்று ஹோஸ் கிளிப்புகளை அரித்துத் தளர்த்திவிடுகிறது. மாற்றும்போது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப்பே போடுங்கள். அதைவிடக் கேடு, ரேடியேட்டரில் ஊற்றப்படும் உவர்ப்பான போர் தண்ணீர். அதிலுள்ள உப்பு அலுமினியத்தை அரிக்கும், குழாய்களில் படிந்து அடைக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் சரிபாதி கலந்து ஊற்றுவதே சரி. அவசரத்துக்கு, இன்ஜின் ஆறியபின் பாட்டில் குடிநீர் ஊற்றலாம். ஊர் திரும்பியதும் ஃப்ளஷ் செய்துவிட (பழையதை வெளியேற்றி உள்ளே கழுவிவிட) வேண்டும்.

ராமநாதபுரம் முதல் பாம்பன் வரையுள்ள பெட்ரோல் பங்குகள் அனைத்திலும் கூலண்டும் டிஸ்டில்டு வாட்டரும் எந்நேரமும் கிடைக்க உரிமையாளர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

— கார் மெக்கானிக்குகள், ராமநாதபுரம்