‘பரம்பரைப் பகை’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் எஃப்சி – கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து ஆட்டத்தை உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ‘பரம்பரைப் பகை’ என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு அணிகளும் 2014-இல் பிறந்தவை. பரம்பரை என்ற சொல்லை அதற்குள் செலவழித்துவிடலாமா? தொண்ணூறுகளில் நான்கு ஆண்டுகள் கல்கத்தாவில் வங்கி வேலை பார்த்தவன் நான். அங்கே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்ற இரண்டு கால்பந்துக் கிளப்புகளின் பகையை நேரில் பார்த்தவன். அதனால்தான் இந்தக் கடிதம்.

1920-இல் மோகன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில், ஜோராபகான் அணி சைலேஷ் போஸ் என்ற கிழக்கு வங்காள (இன்றைய வங்கதேச) வீரரை இறக்காமல் உட்கார வைத்துவிட்டது. மனம் கொதித்து வெளியேறிய அந்த அணியின் நிர்வாகி சுரேஷ் சந்திர சவுத்ரியும் நண்பர்களும் அதே ஆண்டு ஆகஸ்ட் 1-இல் ஈஸ்ட் பெங்கால் கிளப்பைத் தொடங்கினார்கள். 1947-க்குப் பிறகு எல்லை தாண்டி அகதிகளாக வந்தவர்களுக்கு, விட்டுவந்த ஊரின் பெயர் அந்தக் கிளப்பில்தான் மிஞ்சியிருந்தது.

அலுவலகத்தில் என் பக்கத்து மேஜைக்காரர் குடும்பமும் அப்படி வந்ததுதான். பூர்வீகம் பாரிசால். அவர் ஊர்ப் பேச்சை எடுத்தாலே எனக்கு எங்கள் ஐயா நினைவு வந்துவிடும். கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, பர்மா போனவர், 1942-இல் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது கடையையும் வயலையும் விட்டுவிட்டுத் தேவகோட்டைக்குத் திரும்பினார். கடைசிவரை முகப்பில் உட்கார்ந்து பர்மாக் கணக்கைத்தான் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஏக்கத்தைக் கத்தித் தீர்க்க அவருக்கு ஓர் அணி இல்லை.

1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. சால்ட் லேக் மைதானத்தில் 1,31,000 பேருக்கு மேல். நானும் இருந்தேன். ஈஸ்ட் பெங்கால் வீரர் பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் அடித்தார். மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 4-1 என வென்றது. மேஜைக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். மறுநாள் எனக்கும் சேர்த்து இலிஷ் மீன் குழம்பு கொண்டுவந்தார், நம் பக்கத்து உல்லம் மீன். மோகன் பகான் வென்றால் அந்த அணி ரசிகர்கள் வீடுகளில் இறால் கொதிக்கும். அங்கே அடுப்படிவரை கட்சி உண்டு.

அவ்வளவு பகையிலும் ஒன்று நடந்தது. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டதை ஒட்டி, பாதுகாப்புக் காரணம் காட்டி, டுரண்ட் கோப்பையில் இந்த இரண்டு கிளப்புகளும் மோதவிருந்த ஆட்டத்தை ரத்து செய்தார்கள். இரண்டு கிளப் ரசிகர்களும் அதே சால்ட் லேக் மைதானத்துக்கு வெளியே கூடி, தோளோடு தோள் நின்று நீதி கேட்டார்கள்.

சென்னை, கொச்சி ரசிகர்களின் ஆர்வத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மைதானத்துக்கு வரும் நாளில் அந்தத் தலைப்பைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
தேவகோட்டை.